வாசலிலேயே நின்றுபோகும் வழக்குகள்: பூர்வாங்க ஆட்சேபனை என்றால் என்ன?

பிரான்சில் தஞ்சம் கேட்ட இரண்டு இலங்கைத் தமிழர்களின் கதையிலிருந்து தொடங்கலாம். அகதி மனு தள்ளுபடி ஆனது. மேல்முறையீடும் தள்ளுபடி. நாட்டை விட்டு வெளியேறுங்கள் என்று அதிகாரிகளிடமிருந்து கடிதமும் வந்தது. திருப்பி அனுப்பினால் சித்திரவதைக்கு ஆளாவோம் என்று அவர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

1992 ஆகஸ்ட் 27 அன்று தீர்ப்பு வந்தது. அவர்களுடைய பயம் நியாயமானதா, அப்போது இலங்கையில் நிலைமை என்ன என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அது சொன்னது சுருக்கமாக இதுதான்: வெளியேறச் சொல்லியிருக்கிறார்கள், சரி. ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உங்களை யாரும் விமானத்தில் ஏற்ற முடியாது. அதற்குத் தனி உத்தரவு வேண்டும். அப்படி ஒன்று இன்னும் போடப்படவில்லை. போட்டால், அதை எதிர்த்து முறையிடப் பிரெஞ்சுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அந்த முறையீடு முடியும்வரை உங்களை அனுப்பவும் முடியாது. ஆகவே இன்றைய நிலையில் நீங்கள் 'பாதிக்கப்பட்டவர்' என்ற வரையறைக்குள் வரவில்லை.

அவர்கள் வழக்கில் தோற்றார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. வழக்கு நடந்தால்தானே தோற்பதற்கு? 'சீக்கிரம் வந்துவிட்டீர்கள்' என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த வழக்கில் பிரெஞ்சு அரசு எழுப்பிய வாதத்துக்குப் பெயர்தான் பூர்வாங்க ஆட்சேபனை. நம் செய்தித்தாள்களில் 'இந்த மனு விசாரணைக்கு உகந்ததே அல்ல என்று அரசுத் தரப்பு வாதிட்டது' என்று ஒரு வரி அடிக்கடி வருமே, அதேதான். குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்ற பேச்சுக்கே அரசு வருவதில்லை. இதை இந்த நீதிமன்றத்தில், இந்த ஆள், இந்த நேரத்தில் கேட்கலாமா என்றுதான் கேட்கிறது. 'கேட்கக் கூடாது' என்று முடிவானால் உள்ளே இருக்கும் சித்திரவதையோ கொலையோ யாராலும் எடைபோடப்படாமலே கோப்பு மூடப்படும். சட்டம் படிக்காதவர்களுக்கு இது வெறும் நுணுக்கம் போலத் தெரியும். ஆனால் மனித உரிமை வழக்குகளில் பெரும்பாலானவற்றின் தலையெழுத்து முடிவாவது இந்த இடத்தில்தான்.

பிராந்திய மனித உரிமை நீதிமன்றங்கள் என்று இன்று முழுமையாக இயங்குபவை மூன்று. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றம், கோஸ்டா ரிகாவின் சான் ஹோசே நகரில் அமெரிக்க நாடுகளுக்கான நீதிமன்றம், தான்சானியாவின் அருஷாவில் ஆப்பிரிக்க நீதிமன்றம். ஆசியாவுக்கு இப்படி ஒன்று கிடையாது. எனவே சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேராக மேலே போட இப்படியொரு கோர்ட் இல்லை. ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு மட்டும் ஸ்ட்ராஸ்பர்க் அடிக்கடி காதில் விழும் பெயர்.

மூன்றிலும் விதிகளின் எலும்புக்கூடு ஒன்றுதான். ஆனால் இரண்டு வகை ஆட்சேபனைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, 'இதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை' என்பது. மற்றது, 'அதிகாரம் இருக்கிறது, ஆனால் இந்த மனு நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை' என்பது. முன்னது அதிகார வரம்பு, பின்னது ஏற்புடைமை. நடைமுறையில் அரசுகள் இரண்டையும் ஒரே மூச்சில் எழுப்பும்.

அதிகார வரம்புக்குப் பிரபலமான உதாரணம் பெல்கிரேட். 1999 ஏப்ரல் 23 அதிகாலையில் நேட்டோ விமானங்கள் செர்பிய அரசுத் தொலைக்காட்சி நிலையத்தின் மீது குண்டு போட்டன. 16 பேர் செத்தார்கள். உறவினர்களும் காயம்பட்ட ஒருவரும் நேட்டோவில் இருந்த 17 ஐரோப்பிய நாடுகள் மீது வழக்குப் போட்டார்கள். 2001 டிசம்பரில் 'ஏற்கத்தக்கதல்ல' என்று ஒருமனதாக முடிவாயிற்று. மேலே பறந்துபோய்க் குண்டு போட்டதால் மட்டும் கீழே இருந்தவர்கள் அந்த நாடுகளின் 'அதிகார வரம்புக்குள்' வந்துவிட மாட்டார்கள் என்றது நீதிமன்றம். கட்டுப்பாட்டில் இருக்கும் நிலத்தில் ஒருவரை அடித்தால் வழக்கு உண்டு, வானத்திலிருந்து கொன்றால் இல்லையா என்று சட்ட அறிஞர்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அப்புறம் கெடு. ஸ்ட்ராஸ்பர்க்கில் பல பத்தாண்டுகளாக ஆறு மாதம் இருந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் அதை நான்கு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். உள்நாட்டில் கடைசித் தீர்ப்பு வந்ததிலிருந்து எண்ண வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தலே கிடையாது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தாலும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகாது. உறையின் மேல் விழும் அஞ்சல் முத்திரையின் தேதிதான் கணக்கு. முன்பெல்லாம் 'விவரம் பின்னால் அனுப்புகிறேன்' என்று ஒரு கடிதம் எழுதிப் போட்டுக் கெடுவை நிறுத்தி வைக்கலாம். 2014 முதல் அதுவும் போயிற்று. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டாலோ, உள்நாட்டுத் தீர்ப்பின் நகலை இணைக்க மறந்தாலோ மனு பதிவாகாது. கெடு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அருஷாவில் இப்படிக் கறாரான எண் இல்லை. 'நியாயமான காலத்துக்குள்' என்றுதான் ஆப்பிரிக்க நாடுகளின் மனித உரிமை ஒப்பந்தமான ஆப்பிரிக்க சாசனம் சொல்கிறது. அது தாராளம்தான், ஆனால் எத்தனை வருடம் நியாயம் என்று ஒவ்வொரு வழக்கிலும் சண்டை நடக்கும்.

வேறு சில நிபந்தனைகளும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெயரில்லாத மனு கூடாது. ஏற்கெனவே தீர்த்த வழக்கையே திரும்பக் கொண்டுவரக் கூடாது. ஆப்பிரிக்க சாசனத்தின் 56-ஆவது பிரிவில் அவதூறான மொழி கூடாது என்று இருக்கிறது, பத்திரிகைச் செய்தியை மட்டும் ஆதாரமாகக் காட்டக் கூடாது என்றும் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் 2010 முதல் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று ஒரு காரணமும் சேர்ந்தது. அந்த வருடமே ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு மனு அதில் மாட்டியது. தகராறில் இருந்த தொகை ஒரு யூரோவுக்கும் குறைவு. மனுவைத் தவறாகப் பயன்படுத்துவதும் ஒரு காரணம். பிரான்சில் கொரோனா காலத்துச் சுகாதார பாஸை எதிர்த்த ஒரு பல்கலைக்கழக ஆசிரியர், தன் இணையதளத்தில் மாதிரி மனு போட்டு எல்லோரையும் அனுப்பச் சொன்னார். ஏறத்தாழ 18,000 மனுக்கள் வந்து குவிந்தன. நீதிமன்றத்தைத் திணறடிப்பதுதான் நோக்கம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். 2021-ல் அவருடைய மனு தள்ளப்பட்டபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

சரி, இவையெல்லாம் ஓரமான விஷயங்கள். ஆட்சேபனைகளின் ராஜா ஒன்றுதான்: 'உள்நாட்டில் உள்ள நிவாரண வழிகளை முடித்துவிட்டு வரவில்லை.'

விதியின் நியாயம் எளிது. ஒரு போலீஸ்காரர் அடித்தார் என்றால் அந்த நாட்டின் கோர்ட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். தவறைத் திருத்திக்கொள்ள அந்த நாட்டுக்கே முதல் வாய்ப்புத் தர வேண்டும். வீட்டுச் சண்டையை வீட்டிலேயே பேசிப் பார்க்காமல் பஞ்சாயத்துக்குப் போகக் கூடாது என்கிற மாதிரி. அங்கே தீராவிட்டால்தான் சர்வதேச நீதிமன்றம். கீழ்க் கோர்ட்டிலிருந்து உச்சநீதிமன்றம் வரை ஏறியிருக்க வேண்டும் என்பது மட்டுமில்லை. வெளியே எழுப்பப் போகும் புகாரை உள்ளே இருக்கும்போதே, குறைந்தது அதன் சாரத்தையாவது, எழுப்பியிருக்க வேண்டும். உள்ளூர்க் கோர்ட்டில் வெறும் நஷ்டஈடு கேட்டுவிட்டு, ஸ்ட்ராஸ்பர்க்கில் போய் 'என் பேச்சுரிமை பறிபோனது' என்றால் 'இதை அங்கே சொன்னீர்களா?' என்ற கேள்வி வரும். 'போனாலும் ஜெயித்திருக்க மாட்டேன்' என்ற வெறும் சந்தேகமும் போதாது.

நேர்மையான விதிதான். ஆனால் அரசே ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் நாட்டில் இதே விதி என்ன ஆகும்?

1981 செப்டம்பர் 12. ஹொண்டுராஸ் தலைநகர் தெகுசிகல்பாவில் ஒரு வாகன நிறுத்துமிடம். மன்ஃப்ரெதோ வெலாஸ்கெஸ் என்ற பல்கலைக்கழக மாணவரைச் சாதாரண உடையில் வந்த ஆயுதக்காரர்கள் பிடித்தார்கள். நம்பர் பலகை இல்லாத வெள்ளை ஃபோர்டு கார் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அந்தச் சில வருடங்களில் அந்த நாட்டில் இப்படிக் காணாமல் போனவர்கள் 100-லிருந்து 150 பேர்.

குடும்பம் சும்மா இருக்கவில்லை. மூன்று ஆட்கொணர்வு மனுக்கள், இரண்டு குற்றவியல் புகார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்க நாடுகளின் முறையில் தனிநபர் நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாது. முதலில் வாஷிங்டனில் உள்ள ஆணையம், அது அனுப்பினால்தான் சான் ஹோசே. 1986-ல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்ததும் ஹொண்டுராஸ் அரசு எழுப்பிய ஆட்சேபனைகளில் முக்கியமானது எதுவாக இருக்கும்? உள்நாட்டு வழிகளை முடிக்கவில்லை என்பதுதான்.

1987 ஜூன் 26 அன்று பூர்வாங்க ஆட்சேபனைகள் மீது வந்த தீர்ப்பு இன்றுவரை பாடம். அது இரண்டு விஷயங்களை நிலைநிறுத்தியது. முதலாவது, இந்த ஆட்சேபனை அரசின் பாதுகாப்புக்காக உள்ளது. அதனால் ஆரம்பத்திலேயே எழுப்ப வேண்டும். எழுப்பாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் முக்கியம். 'வழி இருந்தது, அவர்கள் போகவில்லை' என்று சொல்லும் அரசு, எந்த வழி என்று காட்ட வேண்டும். அது பலன் தரும் வழி என்பதையும் நிரூபிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து இந்தத் துறை முழுவதிலும் இதைவிட உருப்படியான ஒரு கேள்வி இல்லை. 'எந்த வழி? பெயரைச் சொல்லுங்கள்.' சட்டப் புத்தகத்தில் பத்து வழி இருக்கலாம். வேலை செய்யும் வழி எது?

இதைக் கேட்டுவிட்டு நீதிமன்றம் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. ஆட்சேபனையை அசல் விசாரணையோடு சேர்த்துக்கொண்டது. ஏன் என்றால், அந்த நாட்டில் ஆட்களைக் கடத்துவதே அரசின் வழக்கமாக இருந்ததா என்பதுதான் வழக்கு. அப்படி இருந்தது என்றால், அங்கே கோர்ட்டுக்குப் போயும் பயனில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். இரண்டு கேள்விக்கும் ஒரே சாட்சிகள். அந்தச் சாட்சிகளுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும்: 1988 ஜனவரியில், சாட்சி சொல்ல அழைக்கப்பட்டிருந்த ஒருவரும் ஏற்கெனவே சாட்சி சொன்ன ஒருவரும் ஹொண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1988 ஜூலை 29 தீர்ப்பு ஆட்கொணர்வு மனுவை எடுத்து விரித்துப் பார்த்தது. ஹொண்டுராஸ் சட்டப்படி அந்த மனுவில் ஆள் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறார், யார் உத்தரவில் அடைக்கப்பட்டார் என்று எழுத வேண்டும். வெள்ளைக் காரில் கொண்டுபோனவரைப் பற்றி இதை யார் எழுத முடியும்? அது தெரிந்தால் காணாமல் போனவர் என்ற பேச்சே இல்லையே. மனுப் போட்ட வக்கீல்கள் மிரட்டப்பட்டார்கள். சிறையைப் பார்க்கப் போன அதிகாரிகள் உள்ளே விடப்படவில்லை. காகிதத்தில் உள்ள வழி நடைமுறையில் வழியே இல்லை என்று ஆட்சேபனை தள்ளப்பட்டது. அரசு பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. ஆட்களைக் காணாமல் போகச் செய்வது பற்றி அந்த நீதிமன்றம் கொடுத்த முதல் தீர்ப்பு அது.

இரண்டு வருடம் கழித்து 1990-ல் அதே நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து ஒன்றில் இன்னும் இரண்டு நிலைமைகளைச் சேர்த்தது. கோர்ட்டுக்குப் போகக் காசில்லாத ஏழை. அப்புறம், அந்த வழக்கை எடுக்க ஊரில் எந்த வக்கீலும் பயத்தில் முன்வராத நிலை. இந்த இரண்டினால் வழி அடைபட்டுப்போனவர், உள்ளூர் வழிகளை முடித்துவிட்டு வர வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இதற்கு இணையான வழக்கு துருக்கியிலிருந்து வந்தது. தென்கிழக்கில் தியார்பக்கிர் மாகாணத்தில் கெலெக்சி என்ற குர்திய கிராமம். 1992 நவம்பரில் அங்கே வீடுகள் எரிக்கப்பட்டன. எங்கள் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகாமல் நேரே இங்கே வந்துவிட்டார்கள் என்றது துருக்கி அரசு. ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும் வாதம். ஆனால் 1996 செப்டம்பர் 16 தீர்ப்பில் நீதிமன்றம் ஒப்பவில்லை. பாதுகாப்புப் படைதான் எரித்தது என்று குற்றச்சாட்டு. உருப்படியான விசாரணை எதுவும் நடக்கவில்லை. வீடிழந்து, ஊரை விட்டு ஓடி, பயத்தில் இருக்கும் மக்களிடம் போய் விதியை எழுத்துக்கு எழுத்துப் பார்க்கக் கூடாது, சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது.

கதை அதோடு முடியவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. 2004-ல் துருக்கி ஒரு சட்டம் கொண்டுவந்தது: பயங்கரவாதத்தாலும் அதை ஒடுக்கும் நடவடிக்கையாலும் சொத்து இழந்தவர்களுக்கு நஷ்டஈடு, அதற்குத் தனிக் குழுக்கள். 2006 ஜனவரியில் ஊர் திரும்ப முடியாத இன்னொரு கிராமத்துக்காரரின் மனு வந்தபோது, 'இப்போது வழி இருக்கிறது, அங்கே போங்கள்' என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. வரிசையில் காத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களுக்கும் அதுவே கதி. 'எந்த வழி?' என்ற கேள்விக்கு அரசு ஒரு வழியைக் கட்டிக் காட்டிவிட்டது. பத்து வருடம் காத்திருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். விதி எதற்காக இருக்கிறதோ அது அன்று நடந்தது என்றும் சொல்லலாம், நீதிமன்றம் பாரத்தை இறக்கி வைத்தது என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

வழி இருக்கிறது, வேலையும் செய்கிறது, ஆனால் ஆமை வேகம் என்றால்? புர்கினா ஃபாசோவின் பத்திரிகையாளர் நோர்பர்ட் சோங்கோ 1998 டிசம்பர் 13 அன்று மூன்று பேரோடு கொல்லப்பட்டார். எரிந்துபோன வண்டியில் உடல்கள் கிடந்தன. உள்நாட்டு விசாரணை 2006 வரை ஏறத்தாழ எட்டு வருடம் இழுத்து, யார் மீதும் வழக்கு நடக்காமல் முடிந்தது. அருஷாவில் வழக்கு வந்தபோது அரசு கேட்டது: நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றத்துக்கு அவர்கள் போகவில்லையே? போகவில்லை, உண்மைதான். அது பலனுள்ள வழி என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கு முந்தைய படிகளே நியாயமில்லாமல் நீண்டுவிட்டதால், இன்னும் ஒரு படி ஏறச் சொல்ல முடியாது என்று 2014-ல் தீர்த்தது. இதே வழக்கில் இன்னொரு ஆட்சேபனையில் அரசு பாதி ஜெயித்தது. ஆப்பிரிக்க நீதிமன்றத்துக்கான உடன்படிக்கை புர்கினா ஃபாசோவுக்கு 2004-ல்தான் நடைமுறைக்கு வந்தது, கொலை நடந்ததோ 1998-ல். ஆகவே கொலையை விசாரிக்க அதிகாரம் இல்லை என்றானது. ஆனால் கொலையாளிகளைத் தேடாமல் விட்டது 2004-க்குப் பிறகும் தொடர்ந்த குறை. அதை விசாரிக்கலாம், விசாரித்து அரசைக் குற்றவாளியாக்கியது.

வாசலைத் தாண்டிவிட்டால் ஜெயித்ததாக நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சு வழக்குக்கு முந்தைய வருடம், 1991 அக்டோபரில், பிரிட்டன் மீது ஐந்து இலங்கைத் தமிழர்கள் போட்ட வழக்கு முழுமையாக விசாரிக்கப்பட்டது. அவர்கள் 1988-ல் நிஜமாகவே கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அதனால் 'பாதிக்கப்பட்டவரா' என்ற சிக்கல் எழவில்லை. ஆனால் அனுப்பிய நேரத்தில் பிரிட்டனுக்குத் தெரிந்திருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால் மீறல் இல்லை என்று எட்டுக்கு ஒன்று பெரும்பான்மையில் தோற்றார்கள். இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மண்டை காயும். அனுப்புவதற்கு முன்னால் போனவர்களுக்கு 'சீக்கிரம்'. அனுப்பப்பட்ட பிறகு கேட்டவர்களுக்கு 'அப்போது தெரியாது'.

ஒரு நடைமுறை விவரம். அரசு வாயைத் திறந்து ஆட்சேபித்தால்தான் மனு தள்ளப்படும் என்றில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் பெரும்பாலான மனுக்கள் அரசின் பார்வைக்கே போவதில்லை. ஒற்றை நீதிபதி ஒருவர் படித்துவிட்டு 'ஏற்கத்தக்கதல்ல' என்று முடித்துவிடுவார். அதன் மீது மேல்முறையீடு கிடையாது. நம் ஆட்கள் பலர் இங்கே சறுக்குவதற்குக் காரணம், ஸ்ட்ராஸ்பர்க்கை இன்னொரு சுப்ரீம் கோர்ட் என்று நினைப்பது. 'உள்ளூர் நீதிபதி சாட்சியைத் தப்பாக எடைபோட்டார்' என்று மனுவை எழுதினால், அது மேல்முறையீடு கேட்பது. நீதிமன்றம் அதைத் தொடாது. எந்த உரிமை, எப்படி மீறப்பட்டது என்று எழுத வேண்டும்.

கடைசியாக அருஷா. அந்த நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே, 2009 டிசம்பர் 15 அன்று வந்தது, ஓர் அதிகார வரம்பு ஆட்சேபனைதான். முன்னாள் சாட் அதிபர் ஹிஸ்ஸேன் ஹப்ரேயை செனகல் விசாரிப்பதைத் தடுக்கக் கோரிய மனு. ஆப்பிரிக்காவில் தனிநபர் நேராக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றால், அந்த நாடு 'எங்கள் மீது தனிநபர்கள் வழக்குப் போடலாம்' என்று தனியாக ஒரு பிரகடனம் கொடுத்திருக்க வேண்டும். செனகல் கொடுத்திருக்கவில்லை. வழக்கு முடிந்தது.

கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியும். 2016-ல் ருவாண்டா வாங்கிக்கொண்டது. 2019 நவம்பரில் தான்சானியா, அதாவது நீதிமன்றக் கட்டடம் நிற்கும் நாடே, வாங்கிக்கொண்டது. 2020-ல் பெனினும் கோட் டிவ்வாரும் அதே வழியில் போயின. வழக்குக்கு வழக்கு ஆட்சேபனை எழுப்பிக்கொண்டிருப்பதைவிட இது சுலபம். ஆனால் பிரகடனத்தைத் திரும்பப் பெறுவது ஒரு வருடம் கழித்துத்தான் அமலுக்கு வரும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே பதிவான வழக்குகளையும் அது தொடாது. அதனால் 2020 நவம்பர் 22-க்கு முன் பதிவான தான்சானிய வழக்குகளில் மட்டும் அரசு வக்கீல்கள் பழையபடி எழுந்து, 'உள்நாட்டு வழிகளை முடிக்கவில்லை' என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது.